சாப்பிட்டார்கள்... மறந்தார்கள்!

1987, நவம்பர் கடைசி. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு தினுசான நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எல்லாம் நமக்குத் தெரிந்த சமாசாரம்தான். வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, பேதி. 'நேற்று வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஆபீஸுக்கு லீவ் லெட்டர் எழுதுவோமே, அதே ரகம். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒன்றிரண்டு நாளில் கதை மாறியது. சிலருக்கு மண்டை பிளக்கிற தலைவலி. சிலர் காரணமே இல்லாமல் அழுதார்கள். சிலர் அடிக்கப் பாய்ந்தார்கள். வலிக்கிற மாதிரி கிள்ளினாலும் அசையாமல் கிடந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் விடப் பெரிய விசித்திரம், கொஞ்சம் தேறி உட்கார்ந்தவர்களிடம் வெளிப்பட்டது. சின்ன வயசுக் கதையெல்லாம் கேட்டால் சொன்னார்கள். பேச்சு தெளிவு, புத்தி தெளிவு. ஆனால் காலையில் என்ன சாப்பிட்டோம், சற்று முன் வந்து போன டாக்டர் யார் என்று கேட்டால்... ஊஹூம்! கரும்பலகையில் எழுத எழுத யாரோ பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருகிற மாதிரி.

மொத்தம் 107 பேர் கணக்கில் வந்தார்கள். 19 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் 12 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவில். மூன்று பேர் பிழைக்கவில்லை. 107 பேரில் கால்வாசிப் பேருக்கு ஞாபகத்தில் கோளாறு. பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் வயசானவர்கள், அல்லது ஏற்கெனவே வேறு வியாதி உள்ளவர்கள். இளவட்டங்கள் பெரும்பாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்ததோடு தப்பித்தார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். தட்டில் இருந்த சிப்பி.

மஸ்ஸல் என்பார்கள். கருநீல ஓடு, உள்ளே மஞ்சளாகச் சதை. கேரளாவில் கல்லுமக்காய் என்று மிளகாய்ப்பொடி தடவிப் பொரித்துத் தருவார்களே, அதன் குளிர்தேசத்துப் பங்காளி. இந்தச் சிப்பிகள் எல்லாம் வந்த இடம், கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. உருளைக்கிழங்குக்குப் பேர் போன ஊர். கடற்கழிகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டு சிப்பி வளர்ப்பது அப்போது அங்கே சூடு பிடித்துக்கொண்டிருந்த புதுத் தொழில். கிறிஸ்துமஸ் சீஸன் வேறு. ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில் அரசாங்கம் வந்து 'விற்காதே' என்று சொன்னால் எப்படி இருக்கும்? தீபாவளிக்கு முதல் நாள் சிவகாசியில் போய் 'பட்டாசு விற்காதே' என்று சொல்கிற மாதிரி.

வளர்த்தவர்கள் மேலும் தப்பில்லை. சிப்பி பார்க்கப் பளபளவென்று ஆரோக்கியமாகத்தான் இருந்தது. வாடை இல்லை, நிறம் மாறவில்லை. வேக வைத்தாலும் அந்த விஷம் போகவில்லை. சிப்பிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. தின்ற மனிதனுக்குத்தான் எல்லாம்.

எலி சொன்ன சேதி

சிப்பியில் விஷம் என்பது உலகத்துக்குப் புதுசு இல்லை. 1793-ல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் சிப்பி பொறுக்கிச் சாப்பிட்டு, ஜான் கார்ட்டர் என்ற மாலுமி சில மணி நேரத்தில் செத்துப்போனார். அந்த இடத்துக்கு விஷக் குடா என்றே பெயர் வைத்துவிட்டுப் போனார் கேப்டன். உதடு மரத்து, கை கால் மரத்து, கடைசியில் மூச்சு நின்றுபோகும் பக்கவாத விஷம் அது. கடலில் மிதக்கும் ஒரு வகை நுண்பாசி அதைத் தயாரிக்கிறது, சிப்பி அந்தப் பாசியைத் தின்று விஷத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்பதை 1937-லேயே கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்துவிட்டார்கள். பரிசோதனையும் ரெடி. சிப்பியை அரைத்துச் சாறு எடுத்து எலிக்கு ஊசி போடு. பதினைந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார். எலி செத்தால் சிப்பி மோசம்.

மாண்ட்ரியல் சிப்பியின் சாறும் எலிக்குப் போனது. எலி செத்தது. ஆனால் சாகிற விதம் சரியில்லை! பக்கவாத விஷம் என்றால் எலி மூச்சு முட்டிச் சட்டென்று சாகும். இந்த எலிகளோ நிதானமாகப் பின்னங்காலைத் தூக்கி, தோளைப் பரபரவென்று சொறிந்தன. விடாமல் சொறிந்தன. அப்புறம் வலிப்பு. அப்புறம் சாவு. பதினைந்து நிமிஷத்துக்கும் மேலே இழுத்தது.

சொறிந்த எலி சொன்னது இவ்வளவுதான்: 'நீங்கள் தேடும் ஆசாமி பழைய ஆசாமி இல்லை.'

டிசம்பர் நடுவில் கேஸ் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுக்கூடம். வேதியியல்காரர்கள், உயிரியல்காரர்கள் என்று ஒரு பட்டாளமே களத்தில் இறங்கியது. ஜெஃப்ரி ரைட், மைக்கேல் குவில்லியம் என்று பின்னால் இதை எழுதியவர்களின் பெயர்களைப் படிக்கலாம். ராத்திரி பகல் பார்க்கவில்லை.

அவர்கள் செய்தது என்ன? கார்த்திகைக்கோ கோயில் திருவிழாவுக்கோ சீரியல் பல்பு மாட்டியிருக்கிறீர்களா? நூறு பல்பில் ஒன்று ஃப்யூஸ் போனால் மொத்தமும் எரியாது. விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒவ்வொரு பல்பாகக் கழற்ற மாட்டார். நடுவில் டெஸ்டர் வைப்பார். கோளாறு எந்தப் பாதியில்? அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. இப்படியே போனால் ஏழு தடவையில் ஆசாமி மாட்டிக்கொள்வான்.

சிப்பிச் சாற்றையும் அப்படித்தான் பிரித்தார்கள். தண்ணீரில் கரைவது ஒரு பக்கம், எண்ணெயில் கரைவது ஒரு பக்கம். இரண்டையும் எலிக்குப் போட்டார்கள். தண்ணீர்ப் பக்கம்தான் சொறிந்தது. அதை மறுபடி பிரித்தார்கள். மறுபடி எலி. இன்னொரு பக்கம், விஷமில்லாத நல்ல சிப்பியையும் இதே மாதிரி பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஆறு வித்தியாசம் பார்த்தார்கள். கடைசியில் கெட்ட சிப்பியில் மட்டும் ஒரு பொருள் தனியாகத் தலை நீட்டியது. அமினோ அமிலம். அதன் எடை, அணுக்களின் அமைப்பு எல்லாம் பார்த்துப் பெயரைப் படித்தார்கள்.

டோமோயிக் அமிலம்.

வேலை ஆரம்பித்ததிலிருந்து 104 மணி நேரம் ஆகியிருந்தது. (104 மணி நேரத்தில் ஒரு ஃபைல் ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குப் போவதே நம்மில் பலருக்குச் சாதனை. அதை விடுங்கள்.)

இப்போது புதுக் குழப்பம். டோமோயிக் அமிலம் ரெகார்டில் ஏற்கெனவே இருந்த பெயர். எதற்காகத் தெரியுமா? பூச்சி மருந்து! ஜப்பானில் டோகுனோஷிமா என்ற தீவில் கடலோரத்தில் வளரும் ஒரு சிவப்புப் பாசியை 'டோமோய்' என்பார்கள். குழந்தைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றால் பாட்டி வைத்தியமாக அந்தப் பாசியைக் கொடுப்பது வழக்கம். அதிலிருந்து 1958-ல் ஜப்பானியர்கள் பிரித்தெடுத்த சரக்குதான் இது. கொஞ்சமாகக் கொடுத்தால் புழு வெளியே வரும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சாதுவா மாண்ட்ரியலில் மூன்று பேரைக் கொன்றது?

அளவுதான் வித்தியாசம். மருந்தில் இருந்தது துளி. அந்தச் சிப்பிகளில் இருந்ததோ கொள்ளை. சில சிப்பிகளில் ஒரு கிராம் சதைக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம். ஒரு பிளேட் வெளுத்துக் கட்டினால் புழு மருந்தைப் பல நாள் டோஸாக ஒரே மூச்சில் குடித்த கணக்கு.

நல்ல பிள்ளை செய்த காரியம்

ஜப்பானியப் பாசி பிரின்ஸ் எட்வர்ட் தீவில் எங்கே வந்தது? தேடினார்கள். அதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று கிடைத்தது. ஆனால் இவ்வளவு விஷத்துக்கு அது காணாது. கடைசியில் சிப்பியின் வயிற்றையே திறந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உள்ளே ஒரே ஒரு ஜாதி நுண்பாசி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. தீவின் கிழக்கில் கார்டிகன் விரிகுடாவில் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே கூட்டம், லிட்டருக்கு லட்சக்கணக்கில். ஊசி மாதிரி மெல்லிசு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம் இருந்தால் அதிகம். ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் நுனியோடு ஒன்று ஒட்டிக்கொண்டு சங்கிலியாக மிதக்கும். இன்று அதன் பெயர் சூடோநிட்ஷியா மல்டிசீரிஸ். (வாய்க்குள் நுழையவில்லை என்றால் பரவாயில்லை. 'நிட்ஷியா' என்று செல்லமாகக் கூப்பிடுவோம்.)

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் அதைத் தனியாக வளர்த்தார்கள். டோமோயிக் அமிலம் தயாரித்தது. சந்தேகமே இல்லை.

கடல் ஆராய்ச்சிக்காரர்கள் ஆடிப்போனது விஷத்தைக் கேட்டு இல்லை, அதைச் செய்தவன் பெயரைக் கேட்டு. நிட்ஷியா டயாட்டம் என்ற குலத்தைச் சேர்ந்தது. டயாட்டம் என்றால் கடலின் நல்ல பிள்ளை. தண்ணீரில் கரைந்த சிலிக்காவை எடுத்து தனக்குத் தானே கண்ணாடிப் பெட்டி கட்டிக்கொண்டு, வெயிலைச் சாப்பிட்டு, பூமியில் உண்டாகும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தருகிற புண்ணியவான். மத்தி, நெத்திலி எல்லாம் பெருகுவதே இதன் தயவில். அதுவரை எந்த டயாட்டமும் மனிதனுக்கு விஷம் வைத்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால்தான் யாரும் அதைக் கண்காணிக்கவும் இல்லை. போலீஸ் பட்டியலில் இருக்கிற ரௌடிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கிளாஸில் முதல் ரேங்க் எடுக்கிற பையன் கத்தியை எடுத்துவிட்டான்.

சிப்பி என்ன செய்யும் பாவம்? அதற்கு வாயும் வடிகட்டியும் ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை உறிஞ்சி, அதில் இருக்கும் பாசியைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை வெளியே விடும். பாசியோடு விஷமும் சேரும். நல்ல தண்ணீர் வந்தால் சில நாளில் விஷம் கழுவிக்கொண்டும் போய்விடும். அந்தச் சில நாளுக்குள் நீங்கள் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பெல்லும் பியூனும்

சரி, ஞாபகம் ஏன் போகிறது?

மூளையில் ஒரு நரம்பு செல் இன்னொரு செல்லை எழுப்ப வேண்டுமென்றால் குளூட்டமேட் என்ற பொருளைத் துளி அனுப்பும். (ஆமாம், அஜினமோட்டோவில் இருக்கிற அதே குளூட்டமேட்தான். சாப்பாட்டில் வருவது சுலபத்தில் மூளைக்குள் நுழைய முடியாது, எனவே ஃப்ரைட் ரைஸை இப்போதே கீழே வைக்க வேண்டாம்.) இதை மேனேஜர் மேஜையில் இருக்கும் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு தட்டினால் பியூன் உள்ளே வருவார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். குளூட்டமேட் வேலை முடிந்ததும் உடனே அப்புறப்படுத்தப்படும்.

டோமோயிக் அமிலம் பார்வைக்கு குளூட்டமேட்டின் சாயல். அந்த பெல் பட்டனில் அச்சாகப் பொருந்திவிடும். பொருந்தினால் எளிதில் விடாது. பட்டனில் யாரோ சூயிங்கம் ஒட்டி அமுக்கி வைத்த மாதிரி பெல் அடித்துக்கொண்டே இருக்கும். பியூன் ஓடிக்கொண்டே இருப்பார். செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து, ஓடி ஓடியே அது செத்துப்போகும்.

இந்த ரகப் பட்டன்கள் மூளையில் மிக நெருக்கமாக இருக்கிற பகுதிகளில் ஒன்று ஹிப்போகேம்பஸ். இன்று நடந்ததை நாளைக்கு ஞாபகம் இருக்கும்படி பதிவு செய்கிற ரிஜிஸ்தர் ஆபீஸ் அதுதான். வளைந்த வடிவத்தைப் பார்த்து, கடல் குதிரைக்கான கிரேக்கப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து வந்த விஷம் தலைக்குள் இருக்கும் கடல் குதிரையைத் தேடிப் போய்க் கொன்றது. இறந்தவர்களின் மூளையைப் பிரேத பரிசோதனையில் பார்த்தபோது அந்த இடத்துச் செல்கள் காலி. பழைய ஃபைல்கள் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தன. புது என்ட்ரி போடத்தான் ஆள் இல்லை.

84 வயசுக்காரர் ஒருவர். சிப்பி சாப்பிட்டு, வலிப்பு வந்து, பிழைத்து வீட்டுக்குப் போனார். மாதக்கணக்கில் வலிப்பே இல்லை. தொல்லை விட்டது என்று நினைத்திருந்தபோது, ஒரு வருஷம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு நிமோனியாவில் காலமானார். அவருடைய மூளையிலும் கடல் குதிரை கருகிக் கிடந்ததை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சாப்பாடு!

வயசானவர்களுக்கு ஏன் அதிகம் என்பதற்கும் விடை உண்டு. டோமோயிக் அமிலத்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தள்ளாடினால் விஷம் ரத்தத்திலேயே சுற்றும்.

இதற்குப் பிறகு கனடா ஒரு வரம்பு போட்டது. ஒரு கிராம் சதையில் 20 மைக்ரோகிராமுக்கு மேல் டோமோயிக் இருந்தால் அந்தப் பகுதியில் சிப்பி எடுக்கத் தடை. மற்ற நாடுகளும் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டன. எலிகளுக்கும் ஓய்வு கிடைத்தது, மெஷின் வந்துவிட்டது. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சிப்பித் தொழில் மறுபடி எழுந்து, இன்று கனடாவின் சிப்பியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. வாராவாரம் தண்ணீரும் சிப்பியும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நம்ம ஊர்ப் பக்கம்?

கேட்பீர்கள் என்று தெரியும்.

2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். கரையெல்லாம் அலை நீலமாக ஜொலித்ததே, நினைவிருக்கிறதா? பைக்கை எடுத்துக்கொண்டு ஊரே கிளம்பியது. அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் பிராணி. அலை மோதினால் மின்மினி மாதிரி ஒளிரும். பகலில் பார்த்தால் தண்ணீர் பச்சையாகவோ செங்காவியாகவோ இருக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அது மனிதனுக்கு விஷம் வைப்பதில்லை. ஆனால் லட்சோபலட்சமாகப் பெருகி, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். 2008-லும், 2019 செப்டம்பரிலும் பாம்பன், மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கியது அதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், கடல் கலர் கலராக மாறினால் போட்டோ எடுக்கிறோம். ஆளைக் கொல்லும் பாசிக்கோ பல சமயம் கலரே இல்லை. 'செங்கடல் பெருக்கு', 'சிவப்பு அலை' என்றெல்லாம் பேப்பரில் எழுதுகிறார்கள். கார்டிகன் விரிகுடாவில் அன்றைக்குத் தண்ணீர் சிவக்கவும் இல்லை, ஜொலிக்கவும் இல்லை.

கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் பக்கம் வயலூர் என்று ஒரு கிராமம். 1981-ல் அங்கே மட்டி சாப்பிட்டு 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 1997-ல் கேரளாவில் விழிஞ்ஞம். சிப்பி சாப்பிட்ட ஏழு பேர் இறந்து, 500 பேருக்கு மேல் பாதிப்பு. இரண்டும் மறதி விஷம் இல்லை. கேப்டன் வான்கூவரின் மாலுமியைக் கொன்ற பழைய பக்கவாத விஷம். கனடாவில் 107 பேருக்கு நடந்தது உலகத்துப் பாடப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. வயலூரில் நடந்தது நம் பாடப் புத்தகத்தில் இல்லை. ஏழைகள் ஆற்று முகத்தில் பொறுக்கித் தின்கிற மட்டிக்கு எக்ஸ்போர்ட் மார்க்கெட் கிடையாது பாருங்கள்.

இப்போது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கே பாசி பெருகுகிறது என்று அறிவிக்கும் சேவையை 2021-லிருந்து நடத்துகிறது. மன்னார் வளைகுடாவும் அதன் கவனத்தில் இருக்கும் இடங்களில் ஒன்று. நல்ல காரியம். ஆனால் வானத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்குப் பச்சையம்தான் தெரியும். பாசி நல்லவனா கெட்டவனா என்று தெரியாது. நிட்ஷியா குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேல் ஜாதி. ஏறக்குறைய பாதிதான் விஷம் செய்பவை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே முகம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடி ஓட்டின் கோடுகளை எண்ண வேண்டும், அல்லது டி.என்.ஏ. பார்க்க வேண்டும். விஷம் செய்கிற ஜாதிகூட எல்லா நாளும் செய்வதில்லை. சிலிக்காவோ பாஸ்பரஸோ தட்டுப்பாடு என்றால்தான் அதற்குக் கோபம் வருகிறது. விஷம் தயாரிக்கும் ஜீன்களையே 2018-ல் அமெரிக்காவில் அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆக, அது விஷத்துக்குத் தயாராகிறதா என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு வழி பிறந்திருக்கிறது. இதற்கெல்லாம் யாராவது படகில் போய், பக்கெட்டை இறக்கி, தண்ணீர் மொண்டு வர வேண்டும். ஒன்றும் நடக்காத வாரத்திலும் போக வேண்டும். சம்பளத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்காத வேலை!

அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்பதற்கு கலிஃபோர்னியாவில் ஒரு சாட்சி இருக்கிறது.

1961, ஆகஸ்ட் 18. விடிவதற்கு முன் மூன்று மணி. மான்டெரே விரிகுடாவின் கரையில் கேப்பிடோலா என்ற சின்ன ஊர். வீட்டுக் கூரை மேல் தடதடவென்று ஏதோ விழும் சத்தம். கதவைத் திறந்தால், ஷியர்வாட்டர் என்ற கரும்பழுப்புக் கடல் பறவைகள் ஆயிரக்கணக்கில், மூடுபனிக்குள் திசை தெரியாமல் வந்து சுவரிலும் கம்பத்திலும் மோதிக்கொண்டிருந்தன. டார்ச் அடித்தால் டார்ச்சை நோக்கிப் பாய்ந்தன. விடிந்ததும் பார்த்தால் தெருவெல்லாம் செத்த பறவை. செத்த பறவைகள் கக்கிய நெத்திலி.

அப்போது பக்கத்தில் ஸ்காட்ஸ் வேலியில் வீடு வைத்திருந்த ஒரு சினிமா டைரக்டர், உள்ளூர் பத்திரிகைக்கு போன் போட்டு அந்த நாள் பேப்பர் ஒன்று வேண்டும் என்று கேட்டார். பெயர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். 1963-ல் அவருடைய 'தி பேர்ட்ஸ்' வந்தது. கதை டாஃப்னி டு மாரியே எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தது. கேப்பிடோலா கொடுத்தது திகில் மசாலா.

பறவைகளுக்கு ஏன் பைத்தியம் பிடித்தது? மூடுபனி, விளக்கு வெளிச்சம் என்று ஏதோ சொல்லி விட்டுவிட்டார்கள். முப்பது வருஷம் போனது. 1991-ல் அதே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் தள்ளாடித் தள்ளாடிச் செத்தன. இந்த முறை கனடா அனுபவம் கையில் இருந்தது. வயிற்றில் இருந்த நெத்திலியைப் பரிசோதித்தார்கள். டோமோயிக். நெத்திலி தின்றது நிட்ஷியாவை. (நெத்திலியில் விஷம் முக்கால்வாசி குடலில்தான் தங்கும். நம் வீடுகளில் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் குழம்பு வைக்கிறோம். பறவை கிள்ளிப் போடுமா?)

1998-ல் கடல் சிங்கங்கள். 400-க்கும் மேல் செத்தன. பிழைத்தவை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தன. கடல் சிங்கங்கள் சிலவற்றின் மூளையை ஸ்கேன் செய்து, மீன் எந்தப் பக்கம் வைத்திருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளும் விளையாட்டு ஒன்றும் வைத்துப் பார்த்தார்கள் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள். 2015-ல் முடிவு வெளியானது. ஹிப்போகேம்பஸ் சேதமான கடல் சிங்கம், சற்று முன் எந்தப் பக்கம் போனோம் என்பதை மறந்து நின்றது. மாண்ட்ரியல் நோயாளிகள் மாதிரியே. அதே 2015-ல் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகிக் கிடந்தபோது, கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை நிட்ஷியா விரிந்து, அந்த வருஷ நண்டு சீஸனே மாதக்கணக்கில் தள்ளிப்போய், நண்டு பிடிப்பவர்கள் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

1961-க்கு வருவோம். அதுவும் டோமோயிக்தானா? பறவைகள் மக்கி மண்ணாகி அரை நூற்றாண்டு. சாட்சி எங்கே?

இருந்தது, ஜாடிக்குள். ஒரு காலத்தில் கலிஃபோர்னியாவில் மத்தி மீன் கொழித்து, திடீரென்று ஒன்றுமில்லாமல் போனது. மத்தி ஏன் போனது என்று கண்டுபிடிக்க 1949-லிருந்து ஒரு கூட்டம் கப்பலில் போய், வலை வீசி, மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளி, ஃபார்மலின் ஊற்றி, தேதி எழுதி, அலமாரியில் அடுக்கிக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்காக. எடைக்குப் போடலாம் என்று எந்த அதிகாரியும் சொல்லாதது அதிர்ஷ்டம். 1961 ஜூலை, ஆகஸ்ட் மாதத்து ஜாடிகளும் அதில் இருந்தன.

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிபெல் பார்கு என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஜாடிகளைத் திறந்தார்கள். உள்ளே கடுகைவிடச் சின்ன கடல் பூச்சிகள். அவற்றின் குடலைத் திறந்து, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவை சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு என்ன என்று பார்த்தார்கள். கண்ணாடி ஓடு ஆயிற்றே, மக்காமல் இருந்தது. தின்றிருந்த பாசியில் 79 சதவீதம் விஷம் செய்கிற நிட்ஷியா. 2012 ஜனவரியில் இது அச்சில் வந்தது.

ஹிட்ச்காக் 1980-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய படத்தில் பறவைகள் ஏன் அப்படிப் பாய்கின்றன என்பதற்குக் கடைசி ரீல் வரை ஒரு காரணமும் சொல்லியிருக்க மாட்டார்.